மூன்றாம் வகுப்புக்கு ஐந்து நட்சத்திரம்

திருவள்ளூர்
21-11-2025

அன்புள்ள குப்பு,

"டீச்சர், எம்பொண்ணு ஸ்கூல் டிவில நட்சத்திரமா வாங்கிக்கினு வர்றா. ஆனா பிஸ்கட் பாக்கெட்டு மேல இருக்கிற பேரைப் படிக்க மாட்டேன்றா. அவளுக்குப் படிப்பு வருதா வர்லியா?"

போன வாரம் ஆரம்பாக்கம் ரயில் நிலையத்தில் ஒரு பெண் என்னிடம் இப்படிக் கேட்டாள். ரம்யா என்று பெயர். கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி கட்டும் வேலை. உன் பள்ளிக்கூடத்து மூன்றாம் வகுப்பு மோனிஷாவின் அம்மா. அன்று காலை உன் அறையில் என்னைப் பார்த்துவிட்டு ஏதோ மேலிடத்து அதிகாரி என்று நினைத்திருக்கிறாள். "இல்லம்மா, நான் ரிடயர் ஆன டீச்சர். உங்க ஹெச்.எம். கூட ட்ரெயினிங் படிச்சவ. சும்மா பாக்க வந்தேன்" என்றேன். "அப்ப நல்லதாப் போச்சு. நீங்க பொய் சொல்லத் தேவையில்ல" என்றாள்.

மோனிஷா பக்கத்தில்தான் நின்றாள். பாக்கெட்டை வாங்கி அவளிடம் காட்டினேன். அவள் பாக்கெட்டைப் பார்க்கவில்லை, குப்பு. என் வாயைப் பார்த்தாள். நான் சொல்லப்போகிறேன் என்று காத்திருந்தாள். நான் சொல்லாமல் இருந்ததும் அவள் முகம் குழம்பிப் போயிற்று. அதற்குள் ரயில் வந்துவிட்டது.

இதைத்தான் அன்று மாலை தொலைபேசியில் சொல்ல வந்தேன். "அரை நாள் வந்து பாத்துட்டு எனக்கு ஆய்வறிக்கை வாசிக்காதே" என்று நீ வைத்துவிட்டாய். பிறகு அனுப்பிய செய்திகளுக்கும் பதில் இல்லை. உன் கைபேசியில் இருக்கிற அத்தனை குழுக்களின் அடியில் அவை எங்கே கிடக்கின்றனவோ. அதனால்தான் தபால்.

உன் வகுப்பில் நான் பார்த்ததை அப்படியே எழுதுகிறேன். தவறாக இருந்தால் திருத்து. பெரிய திரையில் அந்த வாசிப்பு இணையதளம். இளைய ஆசிரியர் அன்புராஜ் ஒரு பெயரைக் கூப்பிடுகிறார். அந்தப் பிள்ளை எழுந்து நிற்கிறது. திரையில் ஒரு சொல் வருகிறது. ஒரு பெண் குரல் அந்தச் சொல்லை இனிமையாகச் சொல்கிறது. கீழே நான்கு படங்கள். சரியான படத்தைத் தொட வேண்டும். முன் வரிசையில் ஏஞ்சல் என்ற கெட்டிக்காரப் பெண் "மூணாவது" என்கிறாள். வகுப்பு முழுவதும் "மூணாவது" என்று கூவுகிறது. நின்ற பிள்ளை மூன்றாவதைத் தொடுகிறது. நட்சத்திரம், கைத்தட்டல், அடுத்த பெயர்.

அந்த நட்சத்திரம் யாருடையது, குப்பு?

உன்,
கோமளவல்லி


ஆரம்பாக்கம்
28-11-2025

கோமளா,

கடிதம் கிடைத்தது. மழையில் நனைந்து கிடைத்தது. அதில் பாதி அழிந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

நீ ஓய்வு பெற்று ஒன்றரை வருடம் ஆகிறது. அதற்குள் உனக்கு மறந்துவிட்டதா? காலையில் வந்ததும் வருகைப் பதிவை ஒரு செயலியில் ஏற்ற வேண்டும். பிள்ளைகள் சாப்பிடுவதைப் படம் எடுத்து இன்னொன்றில் ஏற்ற வேண்டும். கழிப்பறையைப் படம் எடுக்க வேண்டும், கழுவுவதற்கு முன் ஒன்று, கழுவிய பின் ஒன்று. இங்கே சிக்னல் வேண்டுமானால் வேப்பமரத்தடிக்குப் போக வேண்டும். மழை பெய்தால் குடை பிடித்துக்கொண்டு போக வேண்டும். தலைமை ஆசிரியை மரத்தடியில் குடையோடு நின்று கைபேசியை வானத்தைப் பார்க்கத் தூக்கிப் பிடித்திருப்பதைப் பார்த்து, "மிஸ் யாருக்கோ ஆரத்தி எடுக்குது" என்று ஒரு பொடியன் சொன்னான். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்ய?

இந்த எரிச்சலுக்கு நடுவே எனக்குக் கிடைத்த ஒரே நல்ல காரியம் அந்தத் தளம்தான். சென்னையில் ஓர் அறக்கட்டளை கொடுத்தது. அன்புராஜ் தன் சொந்தக் கைபேசியிலிருந்து இணைப்புக் கொடுத்து நடத்துகிறான். மதியத்துக்கு மேல் ஓடிப்போகிற பிள்ளைகள் இப்போது மணி அடித்தாலும் எழுந்திருப்பதில்லை. காய்ச்சலோடு ஒருத்தி வந்து உட்கார்ந்திருக்கிறாள். நம் இருவரின் கரும்பலகைக்காக எந்தப் பிள்ளை காய்ச்சலோடு வந்தது, சொல்.

தளத்தில் மோனிஷாவின் பெயருக்கு நேரே பச்சை, படிக்கத் தெரியும் என்று. மூன்றாம் வகுப்பில் எல்லார் பெயருக்கும் பச்சை, ஐந்து நட்சத்திரம். அறிக்கை போய்விட்டது. ஜனவரியில் பொன்னேரியில் விழா. முன்மாதிரிப் பள்ளி என்று எங்களைக் கூப்பிடப் போகிறார்கள். மாலையில் படிக்கத் தடுமாறும் பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கிற செல்வியும் அந்த அறக்கட்டளை அனுப்பிய பெண்தான். இங்கே இனி அவள் தேவையில்லை என்று ஜனவரியிலிருந்து வேறு பள்ளிக்கு அனுப்புகிறார்கள். தேவையில்லாத அளவுக்கு முன்னேறியிருக்கிறோம் என்று அதற்கு அர்த்தம்.

மோனிஷா புது ஆளைப் பார்த்தால் பயப்படும் பிள்ளை. அவ்வளவுதான் விஷயம். ரயில்வே பிளாட்பாரத்தில் பரீட்சை வைத்தால் நானும் விழிப்பேன்.

குப்பம்மாள்


திருவள்ளூர்
3-12-2025

அன்புள்ள குப்பு,

கழிப்பறைப் படத்தைப் படித்துச் சிரித்துவிட்டு, செல்வியைப் படித்ததும் நிறுத்திவிட்டேன்.

தளம் கெட்டது என்று நான் சொல்லவே இல்லை. பிள்ளைகள் ஓடி வருகிறார்கள் என்றால் அது பெரிய காரியம். நான் கேட்பது வேறு. ஓர் உதாரணம் சொல்கிறேன், பொறுமையாகக் கேள்.

என் தம்பி ஸ்ரீவத்ஸன் கோயில் கைங்கரியத்தில் இருப்பது உனக்குத் தெரியும். காலையில் கோஷ்டியாக நின்று பாசுரம் சேவிப்பார்கள். நானும் பின்னால் நின்று பல வருடமாகச் சொல்லி வருகிறேன். எனக்கு எல்லாம் மனப்பாடம் என்று யாரிடமும் சத்தியம் செய்வேன். போன மார்கழியில் ஒரு நாள் அவனுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. முதல் சொல்லை எடுத்துக் கொடுக்கிறவன் அவன்தான். மூன்றாவது அடியில் அவன் குரல் நின்றது. அடுத்த நொடி கோஷ்டி முழுவதும் நின்றது. பெரிய பெரிய பண்டிதர்களெல்லாம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நானும் வாயைத் திறந்தபடி நின்றேன். உள்ளே ஒரு சொல் இல்லை. அத்தனை வருடமும் அவன் சொன்னதற்கு அரை நொடி பின்னால் நான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். அதை எனக்கே தெரியாமல் செய்திருக்கிறேன்.

மோனிஷா பொய் சொல்லவில்லை. அன்புராஜும் ஏமாற்றவில்லை. நம் வகுப்புகள் எப்போதுமே கோஷ்டிகள்தான். "அ" என்றால் "அ" என்று கூரை அதிரச் சொல்ல வைப்பது நாம் பழக்கியதுதான். கரும்பலகைக் காலத்தில் அதற்கு மதிப்பெண் கிடையாது. இப்போது அந்தக் கூச்சலை ஒரு தளம் கேட்டு, தனித்தனிப் பெயரில் எழுதிக்கொள்கிறது. அதை வைத்து ஒரு வாத்தியாரையும் அனுப்பிவிடுகிறது.

செல்வி போய்விட்டால் மோனிஷாவைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்க அங்கே யார் இருக்கிறார்கள்? அவள் அம்மா இரண்டு ஷிப்டு மாறி மாறிப் போகிறாள்.

ஒன்று செய்து பார். திரையின் ஒலியை அணைத்துவிடு. படத்தையும் மறைத்துவிடு. ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டுச் சொல்லை மட்டும் காட்டு. நான் சொன்னது தவறாக இருந்தால் பொன்னேரி விழாவுக்கு நானே வந்து உனக்குச் சால்வை போடுகிறேன்.

கோமளா


ஆரம்பாக்கம்
12-12-2025

கோமளா,

சால்வை வாங்க வேண்டாம்.

ஏஞ்சல் படித்தாள். இன்னும் சிலர் தட்டுத்தடுமாறிப் படித்தார்கள். மற்றவர்கள் திரையைப் பார்க்கவில்லை. நீ எழுதிய மாதிரியே என் வாயைப் பார்த்தார்கள். என் வாய் அசையாததால் ஏஞ்சல் வாயைப் பார்த்தார்கள். மோனிஷா முதல் எழுத்தைச் சொன்னாள், பிறகு தானாக ஒரு சொல்லை உண்டாக்கிச் சொன்னாள். கழுத்தைச் சாய்த்துக்கொண்டு, நட்சத்திரம் விழுகிற சத்தத்துக்காகக் காத்திருந்தாள்.

அன்புராஜ் அழாத குறை. "மேடம், நான் பேரைக் கூப்ட்டுதானே போட்டேன், யாருக்கும் நானா போடலியே" என்றான். உண்மைதான். அவன்மேல் கோபப்படவும் முடியவில்லை. அதனால் உன்மேல் கோபப்படுகிறேன்.

சரி, மாற்றிவிடலாம் என்று உட்கார்ந்தோம். கேள் கூத்தை. அந்தத் தளத்தில் பிள்ளையை மேல் நிலைக்கு ஏற்றப் பொத்தான் இருக்கிறது. கீழே இறக்கப் பொத்தான் இல்லை. உதவி எண்ணுக்குப் பேசினேன், மரத்தடியில், குடையோடு. ஒரு சின்னப் பெண் எடுத்தாள். "மேம், குழந்தைங்க பின்னாடி போக மாட்டாங்க இல்லையா, அதனால அந்த ஆப்ஷன் குடுக்கல" என்றாள். "அம்மா, இவங்க பின்னாடி போகல, முன்னாடியே போகல" என்றேன். "அப்ப புதுசா ரிஜிஸ்டர் பண்ணுங்க மேம்" என்றாள். அதற்குப் பழைய பெயரை நீக்க வேண்டும். நீக்கினால் அந்தப் பிள்ளை பள்ளியை விட்டு நின்றதாகக் கணக்கு. அரை வகுப்பு ஒரே நாளில் படிப்பை நிறுத்திவிட்டது என்று மேலே போகும். விசாரிக்க ஜீப் வரும். உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளைக் காட்டி, "இவர்கள் நின்றுவிட்டார்கள், ஆனால் இங்கேதான் இருக்கிறார்கள்" என்று நான் சொல்ல வேண்டும்.

எனக்குச் சலித்துவிட்டது. விழா முடியட்டும். ஜூனில் புது வகுப்பு, புதுப் பதிவு. அப்போது எல்லாவற்றையும் சரியாகத் தொடங்கிக்கொள்ளலாம். இந்தப் பேச்சை இத்தோடு விடு. நீ வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறாய். நான் நாளைக்கும் அங்கே போக வேண்டும்.

குப்பம்மாள்


திருவள்ளூர்
18-12-2025

குப்பு,

ஜூனில் மோனிஷா நாலாம் வகுப்பு. அங்கே படிக்கத் தெரிந்ததாக வைத்துக்கொண்டு பாடம் நடத்துவார்கள். அவள் வாய்களைப் பார்த்துக்கொண்டே ஐந்தாம் வகுப்பும் முடித்துவிடுவாள். அத்தனை கெட்டிக்காரி அவள். பிறகு கும்மிடிப்பூண்டி உயர்நிலைப் பள்ளியில் ஒரு நாள் யாரும் வாயசைக்க மாட்டார்கள். இப்படிப்பட்ட பிள்ளைகளை நாம் இருவரும் பார்த்திருக்கிறோம். இதற்கு உதாரணம் சொல்லப் போவதில்லை. உனக்கே முகங்கள் வரும்.

இன்னொன்று. நேற்று ரம்யா எனக்குப் போன் செய்தாள். அன்று ரயில் நிலையத்தில் என் எண்ணை வாங்கியிருந்தாள். "இன்னா டீச்சர், கேட்டீங்களா?" என்றாள். உனக்கும் எனக்கும் நடுவில் இருப்பதை நான் எப்படிச் சொல்ல? "ஜனவரியில் பெற்றோர் கூட்டம் வருதும்மா. உன் பிள்ளைய பத்தி நீயே ஹெச்.எம். கிட்ட கேளு" என்று சொல்லிவிட்டேன்.

கோபித்துக்கொள்.

கோமளவல்லி


ஆரம்பாக்கம்
10-1-2026

கோமளா,

கோபித்துக்கொண்டேன். மூன்று வாரம் முழுவதும் கோபித்துக்கொண்டேன். புத்தாண்டுக்கு உனக்கு வாழ்த்துச் சொல்லாததும் அதனால்தான். இன்னும் முழுவதும் போகவில்லை. ஆனாலும் நேற்று நடந்ததை உன்னைத் தவிர வேறு யாரிடம் சொல்வது?

கூட்டத்துக்கு எல்லாரும் வந்திருந்தார்கள். முன்மாதிரிப் பள்ளி என்ற பேச்சு ஊரில் பரவியிருந்தது. எங்கள் பள்ளி மேலாண்மைக் குழுவில் கலியன் என்று ஒரு விவசாயி இருக்கிறார், பேரன் மூன்றாம் வகுப்பு. அவர் மாலையே வாங்கி வந்துவிட்டார். நான் பேசத் தொடங்குவதற்குள் ரம்யா எழுந்தாள். தொழிற்சாலைச் சட்டையோடு வந்திருந்தாள்.

"மிஸ், எம்பொண்ணுக்குப் படிக்க வருதா? செல்வியக்கா போறாங்கன்றாங்க, அதான் கேக்குறேன்."

வாயில் ஒரு பதில் தயாராக வைத்திருந்தேன். 'ஒவ்வொரு குழந்தையும் ஒவ்வொரு வேகத்தில் கற்கிறது' என்று. எத்தனை வருடமாகச் சொல்கிறோம் அதை. அவள் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல வரவில்லை.

மோனிஷாவைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லி எல்லார் முன்னாலும் அவமானப்படுத்தவும் மனம் இல்லை. அன்புராஜைப் பார்த்து, "தம்பி, அந்தத் தளத்துல தெலுங்குப் பாடம் இருக்குதே, அதப் போடு" என்றேன். அவனுக்குப் புரியவில்லை. போட்டான். திரையில் தெலுங்கு எழுத்து வந்தது. குரல் "செட்டு" என்றது. நாலு படத்தில் மரம் இரண்டாவது. இங்கே யாருக்குத்தான் தெலுங்கு தெரியாது? பாதி வீடுகளில் மருமகள் எல்லைக்கு அந்தப் பக்கம், ஆந்திராவின் தடாவிலிருந்து வந்தவள். "ரெண்டாவது" என்று கூட்டமே கத்தியது. நட்சத்திரம். "பில்லி." பூனைப் படத்தைக் காட்டி ஒரே கூச்சல். "நீள்ளு." கலியன் எழுந்து போய்த் தண்ணீர்ப் படத்தைத் தானே தொட்டுவிட்டு வந்தார். ஐந்து நட்சத்திரமும் விழுந்தன. 'வாழ்த்துகள், நீங்கள் தெலுங்கு வாசிக்கிறீர்கள்' என்று திரையில் வந்தது. எல்லாரும் கைதட்டினார்கள்.

"கலியண்ணே, தெலுங்கு படிச்சிட்டீங்க. மேல எழுதி அனுப்பிடட்டுமா?" என்றேன்.

"நான் எங்க மிஸ் படிச்சேன்? அது சொல்லிச்சி, நான் தொட்டேன்."

ஒலியை அணைத்தேன். படத்தின்மேல் அட்டையை வைத்தேன். அடுத்த சொல் வந்தது. கூட்டம் அமைதியானது. பின்னால் ஒருவர் மட்டும், "இன்னா நைனா, ஜிலேபி புழிஞ்ச மாரி கீது" என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை. ரம்யா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எம்பொண்ணும் இப்டித்தானா மிஸ்?"

"ஆமாம்மா."

"எல்லாப் புள்ளைங்களுமா?"

"பாதிக்கு மேல."

கலியன் மாலையைப் பைக்குள் வைத்துக்கொண்டார். "இதை மின்னாடியே சொல்லியிருந்தா நான் பூக்காரிய பேஜாரு பண்ணியிருக்க மாட்டேனே" என்றார். அதோடு விட்டார். நல்ல மனிதர்.

எங்கள் பள்ளியில் படிக்கத் தெரியாத பிள்ளைகள் இருக்கிறார்கள், செல்வி இங்கேயே இருக்க வேண்டும் என்று தீர்மானம் எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போட்டு, படம் எடுத்து அறக்கட்டளைக்கு அனுப்பினோம். இன்று காலை பதில் வந்தது. இல்லாத அந்தப் பொத்தான் சென்னையில் யாரிடமோ இருந்திருக்கிறது. பச்சையெல்லாம் சிவப்பாகிவிட்டது. செல்வி கல்வியாண்டு முடியும்வரை இருக்கிறாள். விழாப் பட்டியலில் எங்கள் பெயர் இல்லை.

அன்புராஜ் என்னோடு பேசவில்லை. திரைக்குத் துணி போட்டு மூடிவிட்டான். நீ மகிழ்ச்சியாக இரு.

குப்பு


திருவள்ளூர்
17-1-2026

அன்புள்ள குப்பு,

நான் மகிழ்ச்சியாக இல்லை. கூட்டத்தில் நீ தனியாக நிற்கும்படி ஆக்கிவிட்டு நான் இங்கே மார்கழிப் பொங்கல் கிண்டிக்கொண்டிருந்தேன். அந்தத் தெலுங்குப் பாடம் எனக்குத் தோன்றியிருக்காது. நான் ஏதாவது கோயில் உதாரணம் சொல்லிக் கூட்டத்தைத் தூங்க வைத்திருப்பேன்.

துணியை எடுக்கச் சொல் அன்புராஜை. காய்ச்சலோடு குழந்தைகளை வரவழைத்த பொருளை மூடி வைக்கலாமா? தளத்தில் கதைகள் இருக்கின்றன, பெரிய எழுத்தில் வரிகள் இருக்கின்றன. ஏஞ்சல் கூட்டம் ஒரு பக்கம் வேறு வேலை செய்யட்டும். ஒலி இல்லாமல், ஒரு சமயம் ஒரு பிள்ளை. நேரம் பிடிக்கும். நட்சத்திரம் மெதுவாகத்தான் விழும்.

அன்புராஜ் பேசுவார். இளம் வயது. கொஞ்சம் விடு.

கோமளா


ஆரம்பாக்கம்
6-2-2026

கோமளா,

துணியை எடுத்துவிட்டான். பேசவும் செய்கிறான். இப்போது எரிச்சல் வேறு.

நீ சொன்னபடிதான் செய்கிறோம். ஒலி இல்லை. ஒரு பிள்ளை, ஒரு வரி. பிள்ளை நிற்கிறது. திரையைப் பார்க்கிறது. அமைதி. அந்த அமைதி இருக்கிறதே, தாங்க முடியவில்லை. "ம" என்று தொடங்கி மோனிஷா நின்றால், அன்புராஜ் "மர…" என்கிறான். நான் ஜன்னலுக்கு வெளியே நின்று "மரத்து…" என்கிறேன். செல்வி வேறு பின்னால் உதட்டை அசைக்கிறாள். மோனிஷா எங்கள் மூன்று பேரையும் வரிசையாகப் பார்த்து வரியை முடித்துவிடுகிறாள். திரையின் குரலை நிறுத்திவிட்டு நாங்களே அந்தக் குரலாகிவிட்டோம். இரண்டு வாரம் இப்படியே போயிற்று. எனக்கு என் வாயைத் தைத்துவிடலாம் போல இருந்தது.

நேற்று மோனிஷாவின் முறை. அவள் எழுந்து நிற்கும்போதே திரை நின்றுவிட்டது. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அன்புராஜ் கைபேசியைத் தூக்கிக்கொண்டு மரத்தடிக்கு ஓடினான். நான் பின்னாலேயே கத்திக்கொண்டு போனேன். செல்வி மற்ற பிள்ளைகளை வெளியே தண்ணீர் குடிக்க விட்டாள். திரும்பி வந்து பார்த்தால் மோனிஷா அதே இடத்தில் நிற்கிறாள். யாரும் உட்காரச் சொல்லவில்லை, அதனால் நின்றுகொண்டிருந்திருக்கிறாள். வட்டத்துக்குப் பதில் திரையில் ஏதோ எழுத்து வந்திருந்தது. அவள் விரலை நீட்டி, காற்றில் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சொன்னாள்:

"மிஸ், இணைப்பு இல்லையாம்."

எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. "தெரியும் போடி, அதுக்குத்தான் ஓடினேன்" என்றேன். சொல்லிவிட்டுத்தான் நின்றேன். "யார் சொன்னா?" என்று கேட்டேன்.

"இதுதான் மிஸ். எழுதிக்கீது."

அன்புராஜைப் பார்த்தேன். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதுக்கு நட்சத்திரம் போட வழியில்லியே மேடம்" என்றான்.

மாலையில் ரம்யா ஷிப்டு முடிந்து வந்தபோது சொன்னேன். அவள் நம்பவில்லை. பையிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்துக் காட்டினாள். மோனிஷா பாதிதான் படித்தாள். பாதி தவறு. ஆனால் பாக்கெட்டைப் பார்த்துத்தான் தவறாகப் படித்தாள்.

இப்போது சொல். இந்த மூன்று பேர் வாயை நான் என்ன செய்வது?

குப்பு


திருவள்ளூர்
11-2-2026

அன்புள்ள குப்பு,

உன் கடிதத்தை ஸ்ரீவத்ஸனுக்குப் படித்துக் காட்டினேன். அவன் இரண்டு முறை படிக்கச் சொன்னான்.

நீங்கள் மூவரும் வெளியே போகாமல் இருந்திருந்தால் அவள் அதைப் படித்திருக்க மாட்டாள். அவளுக்குப் படிக்க வராதது ஒரு பாதி. மறுபாதி, அவள் படிக்கிற வரைக்கும் யாரும் சும்மா இருந்ததில்லை. பிள்ளை தடுமாறினால் நமக்கு வலிக்கிறது, சொல்லைக் கையில் கொடுத்துவிடுகிறோம். அன்பினால்தான் கொடுக்கிறோம். நெல் நாற்று சரியாக வேர் பிடித்திருக்கிறதா என்று தினமும் பிடுங்கிப் பார்க்கிற உழவனை உன் கலியன் என்ன சொல்வார் என்று கேட்டுப் பார்.

ஆகவே ஒன்று மட்டும் செய். இந்தக் கடிதம் கிடைத்ததும் மோனிஷாவைக் கூப்பிட்டு, அவள் இதுவரை பார்க்காத ஒரு வரியைத் திரையில் காட்டு. பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவளுக்குப் பின்னால் உட்கார். சரியோ தவறோ, அவள் கடைசி எழுத்துவரை போய்விட்டுத் தானாகத் திரும்பி உன்னைப் பார்க்கும்வரை, உதட்டைப் பிரிக்காதே.

உன்,
கோமளா